பதினாறா, தொண்ணூற்றொன்றா

ஜெயசீலி அக்கா பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். பால் பாக்கெட்டுக்குள் அப்படி என்ன தெரியும் என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டுவிட்டார். "இன்னா தெரிஞ்சா உனக்கு இன்னா? ஒண்ணும் இல்லேன்னா நீ இன்னாத்துக்குப் பயப்படற?" என்றார் அக்கா. அன்றிலிருந்து கடைக்காரர் வாயைத் திறப்பதில்லை.

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் பதினேழு வருஷமாக அவருக்கு எதிரே உட்கார்ந்து போகிறவன் நான். என் சீசன் டிக்கெட்டையே மூன்று முறை வாங்கிப் பார்த்திருக்கிறார். தேதி சரியாக இருந்ததில் மூன்று முறையும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம் என்றும் சொல்லலாம். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கர் வேலை. இருபத்தாறு வருஷமாகப் பட்டன் செக்ஷன். கோணலாகத் தைத்த பட்டன், உதடு பிளந்த பட்டன், பக்கத்துப் பட்டனைவிட ஒரு நூல் வெளுத்த பட்டன், எதுவும் அவர் கண்ணைத் தாண்டிப் போகாது. கைப்பையில் வாட்ச் ரிப்பேர்காரர்கள் வைத்திருப்பது போல் ஒரு சின்ன பூதக்கண்ணாடி எப்போதும் இருக்கும்.

அந்தக் கண்ணாடிதான் அவரை எங்கள் ஊரின் பழைய பட்டன்களுக்கு நீதிபதி ஆக்கியது. தங்க வயலில் மண்ணைக் கிளறினால் தங்கம் வருகிறதோ இல்லையோ, பித்தளைப் பட்டன் வரும். போலீஸ், ரயில்வே, பேண்டு வாத்தியக்காரர்கள், வெள்ளைக்காரர்களின் வாலண்டியர் படை, சுரங்கக் கம்பெனியின் வாட்ச் அண்ட் வார்டு காவல்காரர்கள் என்று இந்தச் சின்ன ஊரில் எத்தனை யூனிஃபார்ம் நடமாடியிருக்கிறது என்பதை இந்தப் பட்டன்களைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். மழை பெய்தால், தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டோரம் ஒன்று கிடைக்கும். பங்களா தோட்டத்தில் குழி வெட்டினால் ஒன்று. எடுத்தவர்கள் மறுநாள் ரயிலில் அக்காவிடம் நீட்டுவார்கள்.

"மூஞ்சிய காட்டாத, முதுக காட்டு" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளலாமாம். பின்பக்கத்தில்தான் செய்தவன் பெயர், வளையத்தை ஒட்டிய விதம், தகட்டை மடித்த விதம் எல்லாம் இருக்கும். பிறகுதான் முன்பக்கம். கிரீடத்தின் உச்சி உப்பியிருந்தால் ராஜா காலம், நடுவில் குழிந்திருந்தால் அதற்கு முந்தின ராணி காலம் என்பார். யாராவது புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தால் தொலைந்தார்கள். "வயச கழுவி சாக்கடைல ஊத்திட்டு வந்து எங்கிட்ட வயசு கேக்கற?" என்று ஆரம்பித்தால் பங்காருபேட்டை வரை நிற்காது.

எங்கள் ஊர்ப் பெயர் வெளியூர்களில் அடிபடத் தொடங்கியதும் பழைய சாமான் தேடிக் கார்களில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். என் நண்பன் ஃப்ரெடி புதிதாக நாலு பட்டன் வார்க்கச் சொல்லி, கொல்லையில் புதைத்து எடுத்து, முதலில் அக்காவிடம் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தான். அக்கா பூதக்கண்ணாடியைத் தொடவே இல்லை. மூக்கருகே கொண்டுபோனார். "வினிகரு. வயசு மூணு மாசம். உங்கம்மா ஊறுகாய்க்கு வச்சிருந்தத எடுத்தியாடா?" என்றார். பெட்டியே சிரித்தது. ஃப்ரெடி கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டான்.

இவ்வளவு படித்தது எங்கே என்றால், வீட்டில். அவருடைய அப்பா சிரில், வாட்ச் அண்ட் வார்டில் காவல்காரர். சனிக்கிழமைதோறும் காக்கிக் கோட்டிலிருந்து ஆறு பித்தளைப் பட்டனையும் கழற்றித் தேய்த்து வைக்க மகள் கையில் கொடுப்பாராம். வண்ணான் கல்லில் கோட்டை அடித்தால் பட்டன் நசுங்கும் என்பதால் அவற்றைத் தைப்பதில்லை, துளையில் செருகிப் பின்னால் ஒரு வளையம் மாட்டுவார்கள். கழற்றிய பட்டன் அடுத்த வீட்டுப் பட்டனோடு கலந்துவிடக் கூடாதென்று, அவரவர் டோக்கன் நம்பரை முதுகில் ஆணியால் கீறி வைத்திருப்பார்கள். சிரிலின் நம்பர் பதினாறு.

அந்தப் பதினாறுதான் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் ஒரு நாள், தங்கக்கல் அரைக்கும் மில்லின் வேலியில் ஓர் ஓட்டையும், அதன் வெளியே துணியில் முடிந்த கைப்பிடி அளவு தங்கமும், பக்கத்திலேயே ஒரு பட்டனும் கிடந்தன. அவற்றைக் கண்டெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர் இன்னொரு காவல்காரர், கிளமெண்ட். பட்டன் முதுகில் பதினாறு என்று கீறியிருந்தது. சிரில் மறுத்தார். வட்டமான பட்டனுக்கு மேலேது, கீழேது, தலைகீழாகத் திருப்பினால் அதுவே தொண்ணூற்றொன்று அல்லவா என்று கேட்டார். தொண்ணூற்றொன்று, கிளமெண்டின் நம்பர்.

விசாரணையில் அது எடுபடவில்லை. திருடியவனே பொருளைக் கொண்டுவந்து கொடுப்பானா என்றார்கள். சிரிலின் வேலை போயிற்று, கம்பெனி கொடுத்த லைன் வீடு போயிற்று, ஆண்டர்சன்பேட்டையில் ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் 'பட்டன்' என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் பெண் கேட்டு யாரும் வரவில்லை. வந்தவனையெல்லாம் செக் பண்ணியே துரத்திவிட்டேன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். நாங்களும் சிரிப்போம்.

சிரில் சாகும்வரை ஒரே வார்த்தைதான். அது என் பட்டன் இல்லை. சாவதற்கு முந்தின வாரம், வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து மகளிடம் அதையே சொன்னாராம்.

பால்காரரை நம்பாத, டிக்கெட் பரிசோதகரை நம்பாத, வானிலை அறிக்கையை நம்பாத ஜெயசீலி அக்கா, அந்த ஒரு வார்த்தையை நம்பினார். அதனால் கிளமெண்டைத் திருடன் என்றார். தெருவில் சொன்னார், கோயிலில் சொன்னார், ரயிலில் வருஷக்கணக்கில் சொன்னார். எங்கள் பெட்டியில் மட்டுமல்ல. உட்கார இடமில்லாத நாளில் லேடீஸ் பெட்டி, ஓடிவந்து ஏறும் நாளில் கடைசிப் பெட்டி, போன இடமெல்லாம் அதே கதை. கிளமெண்ட் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததும் அக்கா கண்ணில் ஒரு சாட்சிதான்.

கிளமெண்ட் போன வருஷம் இறந்துபோனார். முப்பது வருஷம் சபைப் பாடகர் குழுவில் பாடியவர். பாடகர்களுக்குப் புதிதாகச் செய்யும் பெஞ்சில் அவர் பெயரைப் பொறிக்கலாம் என்று சபைக் கமிட்டி முடிவு செய்தது. கூட்டத்தில் அக்கா எழுந்தார். "கள்ளன் பேரு மேல உக்காந்துகினு கர்த்தரைப் பாடுவீங்களா?" என்றார். பெஞ்சில் பெயர் பொறிக்கும் வேலை நின்றது.

இரண்டு வாரம் கழித்து கிளமெண்டின் மகள் வின்னி என் வீட்டுக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும், பெங்களூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை. அக்கா இருக்கும் ரயில் பெட்டியில் ஏறவே மாட்டாள். "அண்ணா, எங்கப்பா பெட்டியில அந்தப் பட்டன் கீது. நான் சீலியக்கா கைலயே குடுக்கப் போறேன். நீங்க கூட வரணும்" என்றாள்.

"நான் எதுக்கும்மா?"

"நான் மாத்திட்டேன்னு அவங்க சொல்வாங்க. அவங்க மாத்திட்டாங்கன்னு எனக்குத் தோணும். நடுவுல ஒரு ஆளு வேணும்."

நடுவில் நிற்கிறவனுக்குத்தான் முதல் அடி விழும் என்று தெரிந்தேதான் போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அக்கா வீடு திரும்பியிருந்த நேரம். அக்கா எங்களைப் பார்த்ததும் முதலில் என்னைத்தான் முறைத்தார்.

"நீ எப்ப இவங்க கட்சி?"

"நான் எந்தக் கட்சியும் இல்ல அக்கா. பாக்க வந்தேன்."

"அப்டிதான் எல்லாரும் சொல்லிகினு வருவாங்க. உக்காரு."

வின்னி ஒரு காக்கி உறையை மேஜை மேல் வைத்தாள். சுரங்கம் மூடியபோது ஆபீஸ் பீரோக்களைக் காலி செய்தார்களாம். குப்பைக்குப் போக இருந்த இந்த விசாரணை உறையைக் கிளமெண்ட் கேட்டு வாங்கி வந்தாராம். "அவரு வாங்கினத என் கண்ணால நான் பாத்ததில்ல. நீங்களே பாத்து சொல்லுங்க அக்கா. நீங்க இன்னா சொன்னாலும் சரி. எங்கப்பாவுதுன்னு சொன்னீங்கன்னா பெஞ்சு வேணாம்னு நானே கமிட்டில எழுதிக் குடுத்துடறேன்."

அக்கா பட்டனைத் தொடவில்லை. உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார், மையைப் பார்த்தார், ஒட்டின பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "கவரு பழசுதான். அதுக்காக உள்ள இருக்கறது பழசுன்னு ஆவாது" என்றபடி ஜன்னலோரம் வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் உறையைக் கவிழ்த்தார்.

பட்டன் விழுந்தது. களிம்பேறிப் பச்சையாக இருந்தது. முன்பக்கம் தினம் தேய்த்துத் தேய்த்து எழுத்தும் படமும் அழிந்து மொழுமொழுவென்று கிடந்தது. முதுகில் கீறல் மட்டும் தெரிந்தது. அக்கா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். பதினாறு. திருப்பினார். தொண்ணூற்றொன்று. மறுபடி பதினாறு.

"எங்கப்பா சொன்னது கரெக்ட்டா?" என்றார் என்னிடம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கரெக்ட்டுதான் அக்கா. ரெண்டு மாதிரியும் படிக்கலாம்."

"இந்த ஊரே இப்டிதான். டோக்கன் நம்பரு, டோக்கன் நம்பரு. சுரங்கத்துக்குள்ள கூண்டுல எறங்கறதுக்கு நம்பரு, சம்பளத்துக்கு நம்பரு, செத்தா சவப்பெட்டிக்கும் நம்பரு. அத்தன பெரிய ஆபீசருங்க நம்பரையே திருப்பித் திருப்பிப் படிச்சிகினு இருந்தாங்களே ஒழிய, ஒருத்தனாவது பட்டனைப் பாத்தானா?"

பிறகு அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

"கேட்டுக்கோங்க ரெண்டு பேரும். வெள்ளைக்கார கம்பெனி இருக்கசொல்ல குடுத்த பட்டனு ரெண்டு தகடு. உள்ள பொள்ளல். முதுகுல சீமைக்காரன் பேரு சுத்தி எழுதியிருக்கும். சர்க்காரு எடுத்துகினப்பறம் குடுத்தது இங்கயே வார்த்தது. கெட்டி. முதுகுல பேரு கீரு ஒண்ணும் கிடையாது, அரம் போட்ட கோடு மட்டும் இருக்கும். எங்கப்பா சர்க்காருக்கு ரெண்டு வருசம் முன்னாடி சேந்தாரு. உங்கப்பா பத்து வருசம் பின்னாடி சேந்தாரு. இது வார்ப்புன்னா தொண்ணூத்தியொண்ணு. ரெண்டு தகடுன்னா பதினாறு. சரியா?"

"சரி அக்கா" என்றாள் வின்னி.

இந்தக் கணக்கு எங்களுக்கும் புதிதில்லை. ரயிலில் எத்தனையோ முறை கேட்டதுதான். வார்ப்பாகத்தான் இருக்கும் என்பதில் அக்காவுக்குத் துளி சந்தேகம் இல்லை. இல்லாவிட்டால் இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருப்பாரா?

பட்டனை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு, டீ டம்ளரின் விளிம்பில் லேசாகத் தட்டினார். டொக்கென்று ஒரு வெற்றுச் சத்தம். மறுபடி தட்டினார். அதே சத்தம்.

"இன்னா அக்கா?" என்றேன்.

"டம்ளரு சரியில்ல."

எழுந்துபோய் வேறொரு டம்ளர் கொண்டுவந்தார். அதிலும் தட்டினார். ஒரு தீக்குச்சியைத் தேங்காய் எண்ணெயில் தொட்டுப் பட்டனின் முதுகைத் துடைக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் துடைத்திருப்பார். களிம்பு கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. விளிம்பில் ஊசியை ஓட்டினார், மேல் தகட்டைக் கீழ்த் தகட்டின் மேல் மடித்த இடத்தில் ஊசி நின்றது. பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். வளையத்தைச் சுற்றி சின்னச் சின்ன ஆங்கில எழுத்துகள். எனக்கு வெறும் கண்ணிலேயே மூன்று தெரிந்தன.

அக்கா அலமாரியிலிருந்து தன் பிஸ்கட் டின்னை இறக்கினார். எண்பத்துநாலு, எண்பத்தெட்டு, தொண்ணூற்றேழு என்று கீறிய மூன்று காவல்காரப் பட்டன்களை எடுத்து வரிசையாக வைத்தார். மூன்றும் வார்ப்பு. அறுபதுக்கு மேல் நம்பர் உள்ள ஒருவனுக்கும் பழைய பட்டன் கொடுக்கவில்லை என்று எங்களுக்குச் சொன்னவரே அவர்தான். மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணி மேல் கிடந்த நாலாவதைப் பார்க்கவே இல்லை.

திடீரென்று வின்னி பக்கம் திரும்பினார். "நீ மாத்திட்ட. எங்கயோ பழைய பட்டனைப் புடிச்சு நம்பரைக் கீறிகினு வந்துட்ட."

வின்னியின் முகம் சிவந்தது. எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. "பாருங்க அக்கா. புதுக் கீறலா, பழைய கீறலா, உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

அக்கா மறுபடி கண்ணாடியை வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "கீறலுக்குள்ளயும் களிம்பு கீது" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு கண்ணாடியைத் துணியில் துடைத்து அதன் உறையில் போட்டார்.

"ரெண்டு தகடு. சீமை. பதினாறு. எங்கப்பாவுது."

பொய் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வார்ப்பு என்று சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன், வின்னி எழுந்து போயிருப்பாள். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அப்போதுதான் முதன்முறையாக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வின்னி ஜெயித்தவள் மாதிரி இல்லை. பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஒண்ணு சொல்லணும். நீங்க ட்ரெயின்ல ரெண்டு தகடு, வார்ப்புன்னு சொல்றத நான் ஒருநாளு வீட்ல சொன்னேன். பத்து வருசம் இருக்கும். அப்பா சாப்பிட்டுகினு இருந்தவரு பாதியில எழுந்து போயி பெட்டியத் திறந்தாரு. அடுத்த ஞாயித்துக்கிழம எதையோ கைக்குட்டைல முடிஞ்சிகினு உங்க வீட்டுக்கு வந்தாரு."

"இங்கயா? எப்ப? நான் பாக்கலியே."

"கதவு திறந்திருந்ததாம். நீங்க உங்கப்பா போட்டோவுக்கு மால மாத்திகினு இருந்தீங்களாம். வாசல்லயே நின்னு பாத்துட்டு திரும்பிட்டாரு. இன்னாத்துக்குப்பா போன, இன்னாத்துக்கு வந்துட்டன்னு கேட்டேன். 'அந்தப் பொண்ணு ஒலகத்துல ஒரே ஒரு ஆளத்தான் நம்புது, அத்தயும் நான் போயி புடுங்கிட்டு வரணுமா'ன்னாரு. கைக்குட்டைல இருந்தது இன்னான்னு போன மாசம் பெட்டியத் திறந்தப்பதான் எனக்கே தெரிஞ்சிது."

அக்கா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. வின்னி பட்டனை எடுத்துக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டாள். நானும் அவள் பின்னாலேயே வந்தேன்.

திங்கட்கிழமை அக்கா வழக்கம்போல் ரயிலுக்கு வந்தார். விஷயம் எப்படியோ பரவியிருந்தது, பாதி மட்டும். ஊர்காம் ஸ்டேஷன் தாண்டியதும் மனோகர் என்கிற எங்கள் பெட்டிக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். "இன்னா சீலியம்மா, பட்டன் வந்துச்சாமே? தொண்ணூத்தியொண்ணுதானே?"

அக்கா எழுந்து நின்றார். "பதினாறு" என்றார், பெட்டி முழுக்கக் கேட்கும்படி. "பதினாறு. எங்கப்பா நம்பரு. கிளமெண்ட் அண்ணன் மேல நான் சொன்னதெல்லாம் தப்பு."

மனோகர் பாவம், சமாதானம் சொல்லப் பார்த்தார். "அட, பட்டன் எப்டியோ விழுந்திருக்கும். அதுக்காக உங்கப்பாதான் எடுத்தாருன்னு ஆயிடுமா?"

"எடுத்தாரா இல்லியான்னு எனக்குத் தெரியாது. அது அவரு பட்டன் இல்லேன்னு சொன்னாரு. எங்கிட்ட சொன்னாரு. அது அவரு பட்டன்தான்." உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒயிட்ஃபீல்டு வரை அப்படியே வந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் எங்கள் பெட்டியில் இல்லை. கடைசிப் பெட்டியில் எழுந்து நின்று இதையே சொன்னாராம். புதன்கிழமை லேடீஸ் பெட்டி. பொய்யைப் பரப்பின இடத்துக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

லேடீஸ் பெட்டியில் இருந்த ஈவ்லின் டீச்சர் பிறகு என்னிடம் சொன்னார். வின்னியும் அன்று அங்கேதான் இருந்தாளாம். அக்கா சொல்லி முடித்ததும் டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. "செத்துப்போன மனுசன், ஜெயசீலி. பெத்த அப்பா பேரை இப்டி ட்ரெயின் ட்ரெயினா ஏறி நீயே கெடுக்கணுமா?" என்று கேட்டிருக்கிறார்.

"இத்தன வருசமா இவ அப்பா பேரைக் கெடுத்தனே டீச்சர்" என்று அக்கா வின்னியைக் காட்டினாராம். "அப்ப ஏன் நீங்க ஒருத்தரும் எங்கிட்ட இத்தக் கேக்கல?"

அந்த 'ஒருத்தரும்' என்பதில் பதினேழு வருஷமாக எதிரே உட்கார்ந்து கேட்ட நானும் உண்டு.